பெட்டி கேஸ்

துலூத் நகர நீதிமன்றத்தில் இன்று
என் பெயருக்கு முப்பத்தெட்டுக் கட்டுகள்.
எல்லாம் பெட்டி கேஸ்.
பின்விளக்கு எரியாத கார், தெருவில் கூச்சல்,
பன்றி இறைச்சிப் பொட்டலத்தைப் பைக்குள் மறைத்தவள்,
நாய்க்கு உரிமம் எடுக்காத பாதிரியார்.
தலைக்கு ஆறு நிமிடம் என்று
எந்தச் சட்டத்திலும் இல்லை.
சுவர்க் கடிகாரம் தானே எழுதிக்கொண்டது.

பத்தொன்பதாவது, வெர்னன் காங்காஸ்.
அத்துமீறி நுழைதல்.
இடம்: காசு போட்டுத் துணி துவைக்கும் கடை.
நேரம்: இரவு இரண்டே கால். பிப்ரவரி.
போலீஸ்காரர் ப்ரூயிட் எழுதிய பிராது இவ்வளவுதான்:
"எந்த இயந்திரத்தையும் பயன்படுத்தாமல்
பெஞ்சில் படுத்திருந்தார்.
போகச் சொன்னேன். போகவில்லை."

ஜாமீன் இருநூற்றைம்பது டாலர்.
அது இல்லாததால்
பதினைந்து நாளாக உள்ளே.

அரசு வக்கீல் லிண்ட்க்விஸ்ட் கெட்டவர் இல்லை.
காபிக் கோப்பையின் மூடியைக் கடித்தபடி
தாழ்வாரத்தில் சொன்னார்:
"ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்.
இருந்த நாளே தண்டனை.
மத்தியானச் சாப்பாட்டை வெளியே சாப்பிடலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம்
அதை அப்படியே சொன்னேன்.
ஒப்புக்கொண்டால் இன்றே வீடு
(வீடு என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்).
மறுத்தால் வாய்தா, இன்னும் மூன்று வாரம்.

ஒலிவாங்கி கரகரத்தது.
"ஒப்புக்கொண்டால் கோட்டு கிடைக்குமா?"
கோர்ட்டா?
"கோட்டு. என் கோட்டு.
ட்ரையரில் சுற்றிக்கொண்டிருந்ததே.
காய்ந்ததும் போகிறேன் என்றேன்.
அதைத்தான் அவர்
போகவில்லை என்று எழுதியிருக்கிறார்."

காவலர் மார்பில் மாட்டிய கேமராப் பதிவு
ஒன்பது நாளாக என்னிடம் இருக்கிறது.
பார்க்கவில்லை.
முப்பத்தெட்டுக் கட்டு என்று சொன்னேனே,
அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன்.
ஏழு நிமிடம்.
ஒரு தோள், கூரை விளக்கு,
சோப்புத்தூள் விற்கும் பெட்டி,
'கால் டாலருக்கு ஆறு நிமிடச் சூடு' என்ற பலகை.
இயந்திரங்கள் இருந்த பக்கம்
கேமரா திரும்பவே இல்லை.
பேச்செல்லாம் ப்ரூயிட்டின் பேச்சு.
மூன்றாம் நிமிடம், பன்னிரண்டாம் நொடியில்
அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

டொக்.

ஏதோ ஒரு பித்தான்
இரும்பு வயிற்றில் விழுந்து, ஏறி,
மறுபடி விழுந்தது.

டொக்.

செவிப்பொறியில் ஒன்றை
லிண்ட்க்விஸ்ட்டிடம் கொடுத்தேன்.
ஒரே கம்பியில் இருவரும் தலை சாய்த்து நின்றோம்.
கடந்து போன குமாஸ்தா
எங்களைத் தப்பாக நினைத்திருக்கலாம்.
அவர் திரும்பப் போடச் சொன்னார்.
திரும்பவும்.
பிறகு கோப்பையைக் குப்பையில் போட்டார்,
பாதிக் காபியோடு.

"அரசு இதைத் தொடர விரும்பவில்லை."
நீதிபதி நிமிரவில்லை. முத்திரை விழுந்தது.
நாற்பது நொடி ஆகியிருக்கும்.

தள்ளுபடி.
துணிக்கடை வாசலில் தொங்கும் அதே சொல்.
பதினைந்து நாளில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

மத்தியானம் கடைக்குப் போன் செய்தேன்.
கேட்பாரற்ற துணிகளை
வெள்ளிதோறும் தர்ம வண்டி எடுத்துப்போகுமாம்.
இரண்டு வெள்ளி போய்விட்டது.
"என்ன நிறம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.
எனக்குத் தெரியவில்லை.
அவர் என்ன சொன்னார் என்று கேட்டால்,
நான் அவரிடம் கேட்கவில்லை.

சிறையின் பின்வாசலில் அவரை விட்டார்கள்.
காகிதப் பையில் சீப்பு, பஸ் அட்டை,
ஒரே ஒரு கால் டாலர்.
சட்டைக்கு மேல் ஒன்றுமில்லை.
ஏரிக்காற்று எந்தத் தெருவிலும் நுழையும்,
அதன் மேல் பிராது கிடையாது.

என் மேலங்கியை நாற்காலி முதுகில் விட்டுவிட்டு
ஜன்னல் வரை போனேன்.
தெருமுனையை அவர் தாண்டிவிட்டார்.

இருபது என்று கூப்பிட்டார்கள்.
கட்டை எடுத்தேன்.
முதலில் பதிவைப் போட்டுக்கொடு என்றேன்.
பதிவு இல்லை என்றார்கள்.